பேரரசர் கன்னத்துக் கோடு

பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்தால் போதும், அந்த வாயில் தன் கைவேலை இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்யும் கூடத்தில் அவள்தான் மூத்த கை. ‘மேல் வரிசை நம்முடையது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு இறங்கிப் போவாள். தலைக்கனம் என்று புகுந்த வீட்டில் பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. கை சரியாக இருந்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

பல்லுக்காரி என்று பெயர் வைத்தது நாத்தனார். அவள் லிஃப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் உச்சியில், கிரீஸ் நாற்றமும் கப்பிச் சத்தமுமாக இருக்கிற மோட்டார் அறைகளில் அவளுக்கு வேலை. வயதில் சின்னவள், வாயில் பெரியவள். அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே காலை வாருவாள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழங்காசுப் பைத்தியம். அதிலும் தங்கம், வெள்ளி பக்கமே போக மாட்டார்கள். ரோமாபுரிப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் ஒவ்வொரு நகரமும் தன் சந்தைக்கென்று தானே அடித்துக்கொண்ட செம்புச் சில்லறை, அதுதான் வேண்டும். அந்தக் காசுகளில் ஒரு பக்கம் பேரரசர் முகம் இருக்கும். அதில் எந்த ஊருக்கும் பேச்சே கிடையாது. மறுபக்கம் அந்தந்த ஊரின் இஷ்டம். கோயில் உள்ள ஊர் கோயிலைப் போட்டது, துறைமுகம் உள்ள ஊர் கப்பலைப் போட்டது. ஒன்றும் இல்லாத ஊர்கூடத் திராட்சைக் குலையைப் போட்டு மார்தட்டியது. பக்கத்து ஊரைவிட நாங்கள்தான் பெரியவர்கள், நாங்கள்தான் முதல்வர்கள் என்று காசின் விளிம்பைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் பொறித்துவைத்த ஊர்களும் உண்டு. பொருளை விற்று மிச்சச் சில்லறை கொடுக்கும்போதே அடுத்த ஊர்க்காரனின் மூக்கை உடைக்கிற ஏற்பாடு. இந்த அல்பத்தனம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் பழைய சாமான் சந்தையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் தொடங்கியது. டப்பா நிறைய மண் அப்பிய செம்புக் காசுகள். அண்ணி ஒரு பக்கமும் நாத்தனார் மறுபக்கமும் பிடித்து இழுத்ததில், கடைக்காரர் பயந்துபோய் இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே கொடுத்துவிட்டார். வீட்டில் கொண்டுபோய்க் கழுவிப் பார்த்தால் அதில் பெரும்பாலானவை இரண்டே ஊர்களுடையவை. அக்கம்பக்கத்து ஊர்கள். ஒன்று தன் காசில் மலையைப் போட்டிருந்தது, உச்சியில் கோயிலோடு. மற்றது தன் ஆற்றைச் சாமியாக்கிப் போட்டிருந்தது. தாடி வைத்த ஆள் ஒருவர் நாணலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒய்யாரமாகச் சாய்ந்து படுத்திருப்பார், கீழே தண்ணீர் ஓடும். அந்த ஊர்களின் கிரேக்கப் பெயர்கள் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் வீட்டில் வழங்கியது மலையூர், ஆற்றூர் என்றுதான். மலை போட்டதெல்லாம் அண்ணிக்கு, ஆறு போட்டதெல்லாம் நாத்தனாருக்கு. அன்றைக்குப் பிரித்துக்கொண்ட சண்டை இன்றுவரை தீரவில்லை.

“உங்க ஊர்ல அச்சு வெட்டினவனுக்குக் கண்ணு தெரியாது போல அண்ணி. மலையா அது? கவுத்து வெச்ச கூடை.”

“உங்க சாமி எந்திரிச்சு உக்காரட்டும், அப்புறம் பேசு. எப்பப் பாரு படுத்தே கிடக்கிறாரு.”

சாப்பாட்டு மேசையில் இதுதான் பேச்சு. நடுவில் மாட்டிக்கொள்கிறவர் அவள் கணவர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளின் இரைச்சலில் பழகிய காதென்பதால் இதையும் தாங்கினார். “ரெண்டு ஊரும் மண்ணோட மண்ணாப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னும் எல்லைச் சண்டை போடுங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மலையூர்த் தொகுப்பில் அவளுடைய கர்வமெல்லாம் ஒரு பெரிய காசில் இருந்தது. சுருட்டை முடிப் பேரரசர், இளவயது. ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக நிற்கும். முகவாய்க்குக் கீழே லேசாகத் தொங்கும் சதைகூடத் தெரியும். தலைக்குப் பின்னால் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய மேட்டுக் கோடு கிளம்பி, ஒரு எழுத்தை வெட்டிக்கொண்டு, முடிக்குள் புகுந்து காதில் வந்து நிற்கும். அடிக்க அடிக்க அச்சில் விழுந்த விரிசல் அது. அச்சில் பள்ளமாக விழுந்தது காசில் மேடாக ஏறிவிடும். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து, அந்தக் கோட்டைக் காட்டி விளக்கம் சொல்லுவாள். “இந்த ஒரு முகத்துக்காகவே எங்க ஊரு தனியா ஆள் வெச்சு அச்சு வெட்டியிருக்கு. வேற எந்த ஊர்லயும் இந்த மூக்கு கிடையாது.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நேரத்தைப் பார்ப்பார்கள். அவளுக்கு அது பொருட்டே இல்லை.

இந்த ஆண்டு காசுச் சங்கத்தின் கண்காட்சியில் வாசலுக்கு நேரே நிற்கும் முகப்புப் பெட்டியை ஒரே ஒரு நகரத்தின் தொகுப்புக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். உள்ளே நுழைகிறவர் எவரும் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது. கடைசியில் போட்டியில் நின்றது மலையூரும் ஆற்றூரும்தான். பெட்டியின் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்ததால் காசின் இரண்டு பக்கமும் தெரியும்.

அங்கேதான் நாத்தனாருக்கு உதைத்தது. அவளிடம் இருந்த பெரிய ஆற்றூர்க் காசில் படுத்த சாமி அவ்வளவு அழகு. நாணலின் கணு தெரியும், தண்ணீரில் சுழிப்புத் தெரியும். மறுபக்கம் பேரரசர் இருக்க வேண்டிய இடத்தில் கல்லாய் இறுகிய மண்ணும் பச்சைக் களிம்புமாக ஒரே பாறை. அதைப் பிரிக்க நல்ல மைக்ராஸ்கோப்பும் ஊசிமுனைக் கருவிகளும் நடுங்காத கையும் வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம்தான் இருந்தன.

வேலை முடிந்த சீருடையோடே வந்து, மேசையில் காசை வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அண்ணி, இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரணும்.”

“யாரு, என்னையா கேக்கற?”

“சுவத்தையா கேப்பாங்க?”

“என் தொகுப்பைத் தோக்கடிக்க என் கையாலேயே கத்தி தீட்டித் தரணுமா?”

“வேற யார்கிட்டயும் கொடுக்க எனக்கு மனசு வரல.” சொல்லி முடித்ததும் நாத்தனாருக்கே அது கசந்திருக்க வேண்டும். உடனே சேர்த்துக்கொண்டாள். “அதுக்காக ரொம்பப் பூரிச்சுப் போகாதீங்க. கெடுத்தீங்கன்னா, நீங்க வந்து நிக்கிற லிஃப்ட் எல்லாம் நடுவுலயே நிக்கும்.”

முடியாது என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த நொடியிலேயே விரல் முடிவு செய்துவிட்டது. இப்படி ஒரு களிம்பை வேறு எவனாவது அமிலத்தில் போட்டுக் கொன்றுவிடுவான். தன் கை இருக்கும்போது அது நடக்கக் கூடாது. ஜெயிப்பதென்றால் சுத்தமான காசை ஜெயிக்க வேண்டும், அழுக்குக் காசை ஜெயித்து என்ன பெருமை?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடம் காலியாக இருந்தது. செய்துவைத்த பல்செட்டுகள் தட்டில் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறிய காசை ரப்பர் மெத்தையில் வைத்து, விளக்கைத் திருப்பி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

முதலில் மூக்கு வந்தது. பிறகு உதடு. மண் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அதன் அடியில் கரும்பச்சைத் தோல் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. நல்ல களிம்பு, உலோகத்தைக் காக்கிற களிம்பு. அவளுக்குக் கை சூடேறிவிட்டது. உதட்டோரத்தில் தொடங்கிக் கன்னத்தின் குறுக்கே காதை நோக்கி ஒரு மேடு ஓடியது. மண் படிந்து கிடந்ததால் அதுவும் மண்ணைப் போலவே இருந்தது. விடாப்பிடியான கசடு என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடச் சரியில்லை. பல்செட்டில் மயிரிழை மேடு இருந்தாலும் ஈறு புண்ணாகிவிடும். வாய்க்குப் பக்கத்தில் மேடு தென்பட்டால் யோசிக்காமல் சீவுகிற கை அது. கத்தியைச் சாய்த்து, ஒரே இழுப்பில், பூப்போல் சீவினாள்.

மண் என்றால் பொடியாக உதிரும். இது சுருண்டது.

கத்தி நுனியில் தலைமுடியைவிட மெல்லிய செம்புச் சுருள் ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது. பேரரசரின் கன்னத்தில் உதட்டோரத்திலிருந்து காதடி வரைக்கும் புதுச் செம்பு பளீரென்று சிரித்தது.

கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அழுக்கு எதுவும் இல்லை, சும்மா கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து மிச்ச மண்ணை மரக்குச்சியால் மட்டும் பிரித்தாள். முடிச் சுருள்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. முகவாய்க்குக் கீழே சதை லேசாகத் தொங்கியது. தலைக்குப் பின்னால் விளிம்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி, ஒரு எழுத்தை வெட்டிக்கொண்டு, முடிக்குள் புகுந்து காதுக்கு வந்தது.

வீட்டில் உட்காரவைத்து உட்காரவைத்துக் காட்டிய கோடு. தூக்கத்தில் கேட்டாலும் எந்த எழுத்தை எந்த இடத்தில் வெட்டும் என்று சொல்லக்கூடிய கோடு. வேற எந்த ஊரிலும் கிடையாது என்று சத்தியம் செய்த மூக்கு, ஆற்றூர்க் காசில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அச்சு வெட்டுகிறவர்கள் ஊர் ஊராக வேலை செய்தார்கள், ஒரே முக அச்சைப் பல ஊர்களுக்குப் பயன்படுத்தினார்கள் என்று அவள் படித்துத்தான் இருந்தாள். அதெல்லாம் வேறு ஊர்களுக்கு என்று வசதியாக நினைத்திருந்தாள். ஒருவரை ஒருவர் காசிலேயே வைது தீர்த்த இரண்டு ஊர்களும் ஒரே பட்டறை வாசலில் வரிசையில் நின்றிருக்கின்றன. அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் ஆறு, தலை மட்டும் ஒன்று. முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் காலியான கூடத்தில், பல்செட்டுகளோடு சேர்ந்து, தனியாகச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும்தான் முழு விஷயமும் உறைத்தது. அவள் காசில் விரிசல் காதோடு நிற்கிறது. இதில் காதைத் தாண்டிக் கன்னத்தைக் கடந்து உதடு வரைக்கும் போயிருந்தது. விரிசல் குட்டையாக இருக்கும்போது அடித்தது முந்தியது, நீண்ட பிறகு அடித்தது பிந்தியது. ஆக, அந்த அச்சில் முதலில் அடித்தது மலையூர். ஆற்றூருக்குப் போனது பழசாகி விரிந்த அச்சு. இத்தனை வருடச் சண்டைக்கு ஒரே அடியில் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத்தான் அவள் ஒரே இழுப்பில் சீவி எறிந்திருந்தாள்.

கன்னத்துக் கோடு போன பிறகு இரண்டு காசிலும் விரிசல் காதோடுதான் நின்றது. சரிக்குச் சரி. பளபளக்கிற கீற்றைக் கறுப்பாக்க அலமாரியில் மருந்து இருந்தது. ஒரு சொட்டு தொட்டு வைத்தால் போதும். சங்கத்தில் எவருக்கும் தெரியாது, நாத்தனாருக்கும் தெரியாது. காசைக் கெடுத்தாள் என்ற பெயர் வராது. ஆனால் மலையூர் முந்தியது என்பதும் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் இரண்டும் சேர்ந்துதான் வெளியே வரும். எதிரி காசைக் கத்தியால் கீறிவிட்டு, கீறின இடத்தில்தான் என் வெற்றி இருந்தது என்று சொன்னால் எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்? அவளே நம்ப மாட்டாள்.

மருந்து பாட்டிலின் மூடியைத் திறந்தாள். தன் கை செய்த வேலையைத் தானே மறைத்த சரித்திரம் அவளுக்கு இல்லை. சரியாக வராத பல்செட்டை நொறுக்கிவிட்டு, நொறுக்கினேன் என்று முதலாளியிடம் சொல்லுகிறவள். மூடியைத் திருகி வைத்தாள். செம்புச் சுருளைக் கறுப்புக் காகிதத்தில் மடித்து, காசோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் நாத்தனார் வந்து காத்திருந்தாள். கணவர் தேநீர் கலந்துகொண்டிருந்தார்.

“என்ன அண்ணி, மூஞ்சி தொங்குது? என் பேரரசரு உங்க ஆளைவிட அழகா வந்துட்டாரா?”

“என் ஆளேதான் வந்திருக்காரு.” தன் காசையும் எடுத்துவந்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் முகம் மேலாக வைத்து, சுருள் இருந்த காகித மடிப்பையும் வைத்தாள். “கன்னத்துல ஒரு விரிசல் இருந்துச்சு. கசடுன்னு நெனச்சுச் சீவிட்டேன். காசைக் கெடுத்துட்டேன். இன்னொண்ணும் இருக்கு. அந்த விரிசல் உதடு வரைக்கும் போச்சு. அப்படின்னா எங்க ஊருதான் முதல்ல அடிச்சிருக்கு.”

தேநீர் கலக்குகிற சத்தம் நின்றது.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை. “வேணும்னே செஞ்சீங்களா?”

“வேணும்னு செய்யறவ இவ்வளவு சுத்தமாவா சீவுவா? கை வழுக்குன மாதிரி அசிங்கமா கீறிட்டு, ஐயோ பாவம்னு நின்னிருப்பேன்.”

“சரிதான். அதுலயும் பெருமை.”

“இருக்கறதைத்தானே சொல்றேன்.”

“அப்படிச் செஞ்சுட்டு, உங்க ஊரு ஜெயிச்சிருச்சுன்னும் நீங்களே சொல்லுவீங்க. நான் கேட்டுட்டுப் போகணும்.”

“கேக்க வேணாம். நீயே பாரு.”

கணவர் வாயைத் திறந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.

நாத்தனார் இரண்டு காசுகளையும் காகித மடிப்பையும் எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். சட்டைப் பையிலிருந்து தன் சொந்த லென்ஸை எடுத்தாள். கம்பி வடத்தில் இழை அறுந்திருக்கிறதா, கப்பியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. அதில் தப்பு செய்தால் ஆள் செத்துவிடும் என்பதால் அவளுக்கு அவசரப்பட்டுப் பார்க்கத் தெரியாது. பல்லுக்காரி வாசலிலேயே நின்றாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது பல் பிடுங்கக் காத்திருப்பதைப் போல இருந்தது. காசு போனது போனதுதான். ஆனால் இனி ஒரு காசையும் இவள் தன் கையில் கொடுக்க மாட்டாள், சாப்பாட்டு மேசை ஊமையாகிவிடும்.

“அண்ணி, இங்க வாங்க.”

போனாள்.

“காதுக் குழியில உங்க கத்தி நுழையல. அங்க மேடு மிச்சம் நிக்குது. உதட்டோரத்துலயும் ஒரு துளி மிச்சம் இருக்கு. நடுவுல நீங்க சீவினது நேர்கோடு. ரெண்டு மிச்சத்தையும் சேர்த்தா அந்தக் கோட்டுலதான் வருது.” லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டாள். “விரிசல் வளரத்தான் செய்யும், சுருங்காது. கப்பியில தினம் பாக்கறேன். உங்க ஊருதான் முதல்ல அடிச்சிருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு காது வரைக்கும் போனது. வெற்றி இப்படிப் பொட்டலம் கட்டி, எதிரியின் கையிலிருந்தே வரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

“ரொம்பச் சிரிக்காதீங்க” என்றாள் நாத்தனார். “உங்க ஆளுங்க புது அச்சை வாங்கி, அடிக்கத் தெரியாம அடிச்சு உடைச்சுட்டு எங்ககிட்டத் தள்ளிவிட்டிருக்காங்க. அந்த ஓட்டை அச்சை வெச்சுக்கிட்டு எங்க ஆளு இப்படி அடிச்சிருக்கான். தண்ணியில சுழி தெரியுது பாருங்க. அப்ப எவன் கை பெரிசு?”

“ஆற்றுப் பக்கம் வேற அச்சுடி! அது உடையவே இல்லை!”

“அடிச்ச கை ஒண்ணுதானே?”

கணவர் இரண்டு கோப்பைகளையும் மேசையில் வைத்தார். “அப்பாடா, சண்டை போடறீங்க. நான் பயந்தே போயிட்டேன்.”

கண்காட்சிக்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்தே சங்கத்துக்குப் போனார்கள். செயலாளர் கடிகாரக் கடை வைத்திருப்பவர். ஒழுங்குக்குப் பேர்போனவர். முகப்புப் பெட்டியில் ஒரு நகரம்தான் என்று மறுபடி சொன்னார். நாத்தனார் இரண்டு காசுகளையும் முகம் மேலாக அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணில் மாட்டியிருந்த கடிகார லென்ஸோடே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. உள்ளறையில் இருந்தவர்களைக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஆளாளுக்குத் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். இப்படி ஒரு ஜோடி சங்கத்துக்குள் வந்ததில்லை என்றார் ஒருவர். மலையும் ஆறும் ஒரே பெட்டியில் என்று முடிவாக அதிக நேரம் ஆகவில்லை.

“ஒண்ணே ஒண்ணு” என்றார் செயலாளர். “கன்னத்துல இந்தப் பளபளப்பு மட்டும் கண்ணை உறுத்துது. கொஞ்சம் கறுப்பாக்கிட்டா நல்லா இருக்கும். அஞ்சு நிமிஷ வேலை.”

பல்லுக்காரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். “அதுல கை வெக்காதீங்க. அந்தக் கோடு இருக்கறதாலதான் இது பெட்டிக்கு வருது.”

மறுநாள் கூட்டம் நன்றாகவே வந்தது. வாசலுக்கு நேரே, கண்ணாடிக்கு மேல், ஒரே முகம் இரண்டு தடவை. கீழே கண்ணாடிக்குள் ஒரு மலையும் ஒரு ஆறும். பல்லுக்காரி இஸ்திரி போட்ட உடுப்பில் பெட்டிக்கு வலப்பக்கம் நின்றாள், நாத்தனார் இடப்பக்கம். ஆளுக்கொரு ஊருக்கு வாயிற்காவல்.

ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். “இந்தக் காசுல கன்னத்துல என்னம்மா, இவ்வளவு புதுசா மின்னுது?”

“அது எங்க அண்ணி போட்ட கோடு” என்றாள் நாத்தனார். அந்தக் கூடமே கேட்கிற குரல். “பழங்காசுல எவ்வளவோ பேரு கத்தி வெச்சிருக்காங்க. எல்லாரும் மூடி மறைச்சாங்க. இவங்க கொண்டாந்து என் கையில வெச்சு, நான்தான் கெடுத்தேன்னு சொன்னாங்க. கையைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. தப்பு பண்ணாக்கூட இப்படித்தான் பண்ணணும்.”

பெரியவர் மெச்சுகிறாரா, பயப்படுகிறாரா என்று தெரியாத ஒரு பார்வை பார்த்தார். பல்லுக்காரியின் கழுத்து தானாகவே நிமிர்ந்தது. வசவா, புகழா என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

“முதல்ல அடிச்சது எந்த ஊருன்னும் சொல்லு” என்றாள், பெரியவர் தலைக்கு மேலாக.

“சொல்றேன் சொல்றேன். நீங்க உடைச்சதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.”